எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

இணையத்தில் தொடர்கதை எழுதும் வாசகர் ஒருவரின் கேள்விக்குச் சென்ற இதழில் நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்று வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டார். கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் புனைபெயரில் எழுதுகிறவர்கள். வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியாமல் எழுதுகிறவர்களும் உண்டு. ஆகவே பெயர்களை விட்டுவிட்டேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை: எழுத்து என் தொழில் அன்று. பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 11 ஆண்டுகளாக இரவில் கதை எழுதி இணையக் குழுமங்களில் பகிர்ந்து வருகிறேன். நான்கு தொடர்கதைகளை முடித்திருக்கிறேன். ஒன்றைப் பாதியில் விட்டிருக்கிறேன்.

கேள்வி: மூன்று மாதங்களாக ஒரு தொடர்கதை பதிவிடுகிறேன். 14 அத்தியாயங்கள் ஆகிவிட்டன. படித்தவர்களின் எண்ணிக்கையைத் தளம் காட்டுகிறது. ஆனால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கதை நன்றாக இல்லை என்றுதான் இதற்கு அர்த்தமா?

பதில்: அப்படி அர்த்தமில்லை. வாசகர்களில் பெரும்பாலோர் எதுவும் சொல்லாமல் போகிறவர்கள்தாம். நம் குழுமங்களில் அவர்களுக்குச் ‘சைலண்ட் ரீடர்ஸ்’ என்று பெயரே இருக்கிறது. அந்தப் பெயரைச் சற்று மனத்தாங்கலோடுதான் சொல்கிறோம். பத்திரிகையில் கதை படித்துவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று யோசித்தால், அந்த மனத்தாங்கலில் நியாயம் குறைவு என்பது தெரிந்துவிடும்.

ஆனால் பேசாதவர்களும் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் எத்தனை பேர் படித்தார்கள் என்று உங்கள் தளம் தனித்தனியே காட்டுமானால், அந்த எண்களைக் கூட்டி மகிழ்வதை விட்டுவிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். என் முதல் தொடர்கதையின் எண்கள் இன்னும் ஒரு பழைய நோட்டில் இருக்கின்றன: முதல் அத்தியாயம் 412, இரண்டாவது 137, மூன்றாவது 121, நான்காவது 118, ஐந்தாவது 63, ஆறாவது 60. முதல் அத்தியாயத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே விழுந்த பள்ளத்தைப் பார்த்து அன்று அழுதே விட்டேன். அது எல்லாருக்கும் விழுகிற பள்ளம். தலைப்பையும் அட்டைப் படத்தையும் பார்த்து எட்டிப்பார்த்தவர்கள், தமக்கானது அல்ல என்று தெரிந்ததும் போய்விடுகிறார்கள். நான் பார்த்திருக்க வேண்டியது 118 என்பது 63 ஆன இடத்தை. அதையும் பார்த்தேன், ஆனால் தவறாகப் பார்த்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை மூன்று முறை திருத்தி எழுதினேன். ஐந்தாவதைத் திறக்காதவர்கள் ஐந்தாவதைப் பார்த்துச் சலித்திருக்க முடியாது, அவர்கள் சலித்தது நான்காவதில்தான் என்பது, கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. நான்காவதில் கதாநாயகனின் தாத்தா காலத்துச் சொத்து வழக்கை மூன்று பக்கத்துக்கு விவரித்திருந்தேன்.

அடுத்தது, நீங்கள் வாசகரிடம் எதைக் கேட்கிறீர்கள் என்பது. அத்தியாயத்தின் கீழே “எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்” என்று எழுதினால், அதற்குப் பதில் சொல்ல வாசகர் ஒரு விமர்சகராக வேண்டியிருக்கிறது; அந்த வேலைக்கு யார் வருவார்கள்? நான் ஒருநாள், “எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அல்லது நிறுத்தலாமா என்று தோன்றியது?” என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் பதில் எழுதினார்கள். அது, அப்பாவின் வீட்டைப் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தங்கை கதை. ஒரு வாசகி எழுதியது இது: “அண்ணன் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தங்கை இரண்டு பத்திக்கு அழுகிறாளே, அது எதற்கு?” அந்த இரண்டு பத்திகளையும் எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகியிருந்தது. எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன்; சாவி மேசை மேல் இருந்தது, அத்தியாயம் அங்கேயே முடிந்திருந்தது. அந்த வாசகியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கேள்வி: எழுதத் தொடங்க எந்தத் தளம் நல்லது?

பதில்: உங்களைப் போன்ற கதைகளைப் படிப்பவர்கள் கூடும் தளம், வேறு விடை இல்லை. ஏற்கெனவே உள்ள கதாபாத்திரங்களை வைத்து ரசிகர் புனைவு எழுதுகிறவர்களுக்கு 1998-இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்ஷன்.நெட்டும், 2009-இல் வந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓனும் பழகிய இடங்கள். இரண்டாவது, விளம்பரம் இல்லாமல் தன்னார்வலர்கள் நடத்தும் இலாப நோக்கமற்ற தளம். 2019-இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவுகளுக்கான ஹ்யூகோ விருது பெற்றது. வாட்பேட் 2006-இல் கனடாவில் தொடங்கியது, 2021-இல் தென்கொரியாவின் நேவர் நிறுவனத்தின் கைக்குப் போனது; இளையவர்கள் அங்கே அதிகம். இந்திய மொழிகளுக்கென்று 2014-இல் வந்தது பிரதிலிபி. இவை போக, எழுத்தாளர்களே நடத்தும் சிறு தளங்கள் தமிழில் ஏராளம். அங்கே வாசகர் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், ஆனால் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரித்துக்கொள்வார்கள். எங்கே எழுதுவது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு மாதம் அங்கே வாசகராக இருங்கள். கதைகளைக் காட்டிலும் கதைகளுக்குக் கீழே நடக்கும் பேச்சைக் கவனித்தால் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: என் கதைகளுக்கு “அருமை”, “சூப்பர் சிஸ்”, “வெயிட்டிங் ஃபார் நெக்ஸ்ட் யூடி” (யூடி என்றால் ‘அப்டேட்’, அடுத்த அத்தியாயம்) என்பவைதாம் வருகின்றன. உண்மையான விமர்சனம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: ‘அருமை’யை அவ்வளவு அலட்சியமாக நினைக்காதீர்கள். அது வருகைப் பதிவேட்டில் போடுகிற கையெழுத்து. ‘நான் வந்தேன், இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்கிறது. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, தூக்கத்துக்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் நம் கதையைப் படித்தவர், அதற்கு மேலும் அரைமணி நேரம் ஒதுக்கிக் கட்டுரை எழுத வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் “நீங்கள் என் கதைக்குப் போடுங்கள், நான் உங்கள் கதைக்குப் போடுகிறேன்” என்று ஒப்பந்தம் செய்துகொண்டு வரும் ‘அருமை’ வேறு வகை. அதை முதல் ஆண்டில் நானும் செய்தேன். ஒரு நாளைக்கு 20 கதைகளுக்குக் கீழே, படிக்காமலேயே, பூங்கொத்துப் படம் போட்டுவிட்டு வந்தேன். எனக்கும் 20 பூங்கொத்துகள் வந்தன.

உண்மையான விமர்சனம் வேண்டுமானால் முதலில் அதைக் கொடுக்கப் பழக வேண்டும் என்பார்கள். சரிதான், ஆனால் கொடுப்பதும் எளிதன்று. இதில் நான் செய்த ஒரு தவறை மறைக்காமல் சொல்கிறேன். புதிதாக எழுத வந்த ஒரு பெண் தன் முதல் கதையைப் பகிர்ந்து, “குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். நான் தயங்கவில்லை. அந்தச் சிறிய கதையில் 17 ஒற்றுப் பிழைகள் இருந்தன. 17-ஐயும் வரிசை எண் போட்டு, தவறு இது, சரியானது இது என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து, எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதினேன். “நன்றி அக்கா” என்று பதில் வந்தது. இரண்டு நாளில் கதை தளத்திலிருந்து காணாமல் போயிற்று. பிறகு அந்தப் பெயரை எங்கும் பார்க்கவில்லை. அந்தக் கதையில் ஓர் இடம் இருந்தது: மகளை ஏற்றிவிட்ட பேருந்து நகர ஆரம்பித்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல், அப்பா நாலு எட்டு கூடவே நடந்து வருவார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கை என் நினைவில் இருக்கிறது. பிழைகளில் ஒன்றுகூட நினைவில்லை. அந்தக் கையைப் பற்றி நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

இப்போது பிறர் கதையைப் பற்றி எழுதும்போது, எந்த வரி எனக்குள் தங்கியது, எந்த இடத்தில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று குழம்பினேன், எங்கே கண் தானாக வரிகளைத் தாவியது என்று, படிக்கும்போது எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். அது நேர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ‘பாத்திர வார்ப்பு பலவீனம்’ போன்ற தீர்ப்புகளைத்தான் மறுப்பார்கள். எழுத்துப்பிழைகளை, அவர் கேட்டால், தனிச் செய்தியில் அனுப்புகிறேன். இப்படி எழுதத் தொடங்கிய பிறகு, அதே விதமாக என் கதைகளுக்கும் எழுதுகிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தார்கள். அவ்வளவு பேர்தான், அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. பதிவிடுவதற்கு முன்பே படித்துச் சொல்கிறவரைப் ‘பீட்டா ரீடர்’ என்று குழுமங்களில் அழைக்கிறார்கள்; மென்பொருளை வெளியிடும் முன் சிலரிடம் கொடுத்துச் சோதிக்கும் வழக்கத்திலிருந்து வந்த பெயர். சாவியைப் பற்றி எழுதிய அந்த வாசகிதான் ஒன்பது ஆண்டுகளாக என் பீட்டா ரீடர். நேரில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

கேள்வி: “இதைப் படித்த நேரம் வீண்” என்று ஒருவர் எழுதிவிட்டார். பதில் எழுதலாமா, நீக்கிவிடலாமா?

பதில்: அன்றைக்கு இரண்டும் வேண்டாம். மறுநாள் படித்தும் அதில் கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையென்றால், அப்படியே விட்டுவிடுங்கள். உங்களைப் பற்றியோ உங்கள் குடும்பத்தைப் பற்றியோ இழிவாக எழுதியிருந்தால், பேச்சுக்கே இடமில்லை. நீக்கிவிட்டு, தளத்தை நடத்துகிறவர்களுக்குப் புகார் கொடுங்கள்.

கேள்வி: செவ்வாய், வெள்ளி இரு நாளும் அத்தியாயம் வரும் என்று அறிவித்துவிட்டேன். 22-ஆவது அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. வாசகர்கள் தினமும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: நின்றுவிட்டது என்ற உண்மையைச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாமல்தான் ஒரு தொடர்கதையை இழந்தேன். “உடல்நிலை சரியில்லை” என்று ஒரு வாரம், “அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு” என்று இரண்டு வாரம், பிறகு ஒன்றும் சொல்லாமல் ஏழு மாதம் கழிந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது, “உடம்பு இப்போது எப்படி இருக்கிறது அக்கா? கதை மெதுவாக வரட்டும்” என்று ஒருவர் மாதம் தவறாமல் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு பொய்யை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, கதையைத் தொடரவும் முடியவில்லை. அந்தத் தொடர் இன்னும் 19-ஆவது அத்தியாயத்தில் நிற்கிறது.

தவணை முறையில் கதை எழுதுவதன் சங்கடம் இணையத்தோடு பிறந்ததன்று. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் தன் முதல் நாவலை மாதப் பகுதிகளாக வெளியிடத் தொடங்கிய காலத்திலேயே, முந்தைய பகுதி வாசகர் கையில் இருக்கும்போது அடுத்ததை எழுதிக்கொண்டிருந்தார். 1870-இல் அவர் இறந்தபோது, 12 பகுதிகளாகத் திட்டமிட்ட கடைசி நாவலில் ஆறு பகுதிகளுக்கான அளவே எழுதி முடித்திருந்தார். அவருக்காவது வாசகர்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் இருந்தது.

நடைமுறைக்கு வருவோம். ஒரு மாத விடுப்பு அறிவித்துவிட்டு, அந்த மாதத்தில் 22-ஆவதை முட்டிமோதித் தள்ளப் பார்க்காமல், கதை கடைசியாக உயிரோடு இருந்த அத்தியாயம் எது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில், நின்றுபோன இடத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயம் முன்பே ஏதோ ஒரு பாத்திரத்தை, அவர் செய்யாத ஒன்றைச் செய்யவைத்திருப்போம். பதிவாகிவிட்ட அத்தியாயத்தைத் திருத்துவது அவமானம் என்று நினைக்க வேண்டாம். “20-ஆவது மாற்றப்பட்டிருக்கிறது, மீண்டும் படியுங்கள்” என்று மேலே ஒரு வரி போட்டால் போதும். அடுத்த கதைக்கு ஒரு யோசனை: ஐந்து அத்தியாயமாவது கையிருப்பில் இல்லாமல் முதல் அத்தியாயத்தைப் பதிவிடாதீர்கள். வாரம் இரண்டு என்பதை ஒன்றாக்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாள் சொல்லிவிட்டுத் தவறினால்தான் கோபம் வருகிறது.

கேள்வி: கதாநாயகியின் தம்பியைச் சாகடிக்கக் கூடாது என்று வாசகர்கள் கெஞ்சுகிறார்கள். வாசகர் விருப்பத்துக்காக முடிவை மாற்றலாமா?

பதில்: ஆர்தர் கோனன் டாயில் 1893-இல் தன் துப்பறியும் நிபுணரான ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றுவிட்டு, வாசகர்களின் கோபத்தையும் பதிப்பாளர்களின் வற்புறுத்தலையும் தாங்கி, 10 ஆண்டு கழித்து, அவர் சாகவே இல்லை என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார். ஆகவே முன்னுதாரணம் இருக்கிறது. ஆனால் வாசகர் சொல்வதெல்லாம் ஒரே வகையல்ல. செவ்வாய்க் கிரகத்தில் தனியே சிக்கிக்கொண்ட விண்வெளி வீரரின் கதையை ஆண்டி வியர் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டபோது, வேதியியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டார். 2011-இல் அவரே மின்னூலாக வெளியிட்ட அந்தக் கதை 2014-இல் பெரிய பதிப்பகத்தின் புத்தகமாயிற்று. இப்படித் தகவல் பிழையைச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அன்றிரவே திருத்திவிட வேண்டும். என் கதை ஒன்றில் ஒரு செவிலி மருந்தேற்றும் விதம் முழுக்கத் தவறு என்று ஒரு செவிலியே எழுதினார். அவர் எழுதிய திருத்தம் என் வாக்கியத்தைவிட நன்றாகவே இருந்தது.

“தம்பியைக் கொல்லாதே” என்பது வேறு. அந்தத் தம்பி அவர்களுக்கு வேண்டியவனாகிவிட்டான் என்பதே அதன் பொருள். அது உங்களுக்குக் கிடைத்த பாராட்டு, அதை உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் “அவன் ஏன் சாகிறான் என்றே புரியவில்லை” என்று பலர் சொன்னால், நில்லுங்கள். கதைக்கு அழுகை வேண்டும் என்பதற்காக அவனைக் கொல்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதில்தான் நான் மோசமாக வழுக்கினேன். என் இரண்டாவது தொடரில், முடிவு என்னவாக இருக்கும் என்பதை இரண்டு வாசகர்கள் 18-ஆவது அத்தியாயத்திலேயே ஊகித்து எழுதிவிட்டார்கள். கதை இன்னும் பத்து அத்தியாயம் போக வேண்டும். ரகசியம் உடைந்துவிட்டதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரும் எதிர்பார்க்காத முடிவு ஒன்றைத் தேடிப் பிடித்து ஒட்டினேன். எதிர்பாராத முடிவுதான், சந்தேகமில்லை. அதற்கான அடையாளம் முந்தைய 27 அத்தியாயங்களில் எங்குமே இல்லை. அந்த இருவரும் நான் போட்டு வைத்த ஒவ்வொரு குறிப்பையும் விடாமல் பொறுக்கிப் படித்தவர்கள். அவ்வளவு கவனமாகப் படித்த குற்றத்துக்காக அவர்களை நான் தண்டித்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. இன்றைக்கு யாராவது முடிவை ஊகித்துவிட்டால், “பொறுத்திருந்து பாருங்கள்” என்று மட்டும் எழுதிவிட்டு, திட்டமிட்டபடியே போகிறேன்.

கேள்வி: என் கதையை யாரோ ஒருவர், தன் குரலில் படித்து, தன் கதையென்றே சொல்லிக் காணொளி அலைவரிசையில் போட்டிருக்கிறார். இன்னொரு கதை பிடிஎஃப் ஆகி டெலிகிராம் குழுக்களில் சுற்றுகிறது. நான் எங்கும் பதிவு செய்து வைக்கவில்லை. எனக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. 1886-இல் உருவாகி, இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ள பெர்ன் ஒப்பந்தத்தின்படி, பதிப்புரிமை பெற எந்தப் பதிவும் முத்திரையும் தேவையில்லை. எழுதியவர் என்பதாலேயே அது உங்களுடையது. உங்கள் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். சில நாடுகளில் இன்னும் கூடுதல். புனைபெயரில் எழுதினாலும், இலவசமாகப் படிக்கக் கொடுத்தாலும் உரிமை போய்விடாது.

முதலில் செய்ய வேண்டியது, சண்டைக்குப் போகாமல் ஆதாரத்தைச் சேர்ப்பது. திருடப்பட்ட பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவின் தேதி, கணினியில் உள்ள பழைய வரைவுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். குழுமத்தில் பொங்கி எழுந்தால் அந்தக் காணொளியை அவர் மறைத்துவிட்டு, வேறு பெயரில் வேறிடத்தில் போடுவார், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டத்தினால், பெரிய தளங்கள் எல்லாம் பதிப்புரிமைப் புகாருக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கின்றன. அதை நிரப்பி அனுப்பினால் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். புனைபெயரில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் படிவத்தில் சட்டப்படியான முழுப்பெயரைக் கேட்கிறார்கள், அது எதிராளியின் பார்வைக்குப் போகவும் கூடும். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர் இதை யோசித்துச் செய்ய வேண்டும். எதிராளி மறுத்து விளக்கம் அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடுத்தாலன்றிக் காணொளி திரும்ப வந்துவிடலாம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. “என் கதைக்கருவைத் திருடிவிட்டார்” என்ற புகார்களில் பாதிக்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டம் காப்பது எழுதிய விதத்தை, கருவை அல்ல. விருப்பமில்லாத திருமணத்தில் தொடங்கிக் காதலில் முடியும் கதையை நம் குழுமங்களில் நூறு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் நான்.

கேள்வி: ஒரு தளத்தில் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: ‘பிரத்தியேக’ என்ற சொல்லைத் தேடுங்கள். பிரத்தியேகமற்ற உரிமம் என்றால், அவர்களும் வெளியிடலாம், நீங்களும் வேறிடத்தில் வெளியிடலாம். பிரத்தியேகம் என்றால், எத்தனை காலத்துக்கு, மின்வடிவத்துக்கு மட்டுமா, அச்சுக்கும் ஒலிக்கும் படத்துக்கும் சேர்த்தா என்று பாருங்கள். காலம் குறிப்பிடாத பிரத்தியேக ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட மாட்டேன். குழுமத்தில் தொடர் முடிந்ததும் சில நாளில் லிங்க்கை எடுத்துவிட்டுக் கிண்டிலில் போடுகிறார்களே, அதற்கும் காரணம் இதுதான்: அமேசானின் கேடிபி செலக்ட் என்ற மின்னூல் திட்டத்தில் சேர்ந்தால், 90 நாள் தவணைக்கு அந்தக் கதை மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது, நீங்கள் நிறுத்தாவிட்டால் தவணை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பத்திரிகைகளுக்கோ போட்டிகளுக்கோ அனுப்ப நினைக்கும் கதையைக் குழுமத்தில் பதிவிடாதீர்கள். பலரும் அதை ஏற்கெனவே வெளியான கதையாகவே கருதுகிறார்கள்.

கேள்வி: புனைபெயரில் எழுதி வந்தேன். என் நாத்தனார் எப்படியோ கண்டுபிடித்து, ஒரு கதையில் வரும் அண்ணி பாத்திரம் தன்னைப் பற்றியது என்கிறார். உண்மையில் இல்லை. என்ன செய்வது?

பதில்: “உண்மையில் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள், கொஞ்சம்கூட இல்லையா? என் கதை ஒன்றைப் படித்த உறவினர் ஒருவர், அதில் வரும் கஞ்சப் பெரியப்பா தான்தான் என்று மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார். அந்தப் பெரியப்பாவை நான் என் அலுவலகத்து மேலாளரை வைத்து எழுதியிருந்தேன். ஆனால் பணத்தை எண்ணி முடித்த பிறகும் விரலை ஒருமுறை நாக்கில் தொட்டுக்கொள்ளும் பழக்கம் என் உறவினருடையது, அதை நான் எடுத்தேன் என்பதே எனக்கு அவர் கோபித்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே வாதாட வேண்டாம். “உங்கள் மனம் நோகும்படி இருந்தால் மன்னியுங்கள், அவள் நீங்கள் அல்ல” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, கதையில் அவரை அடையாளம் காட்டக்கூடிய சிறு பழக்கம் ஏதேனும் இருந்தால் மாற்றிவிடுங்கள். கதையை நீக்க வேண்டியதில்லை. நீக்கினால் அவர் சொன்னது உண்மையென்று ஆகிவிடும்.

கேள்வி: 11 ஆண்டுகள் எழுதியும் உங்கள் பெயரில் ஒரு புத்தகம் இல்லை. வருத்தமில்லையா?

பதில்: சில நாள் உண்டு. புத்தகக் கண்காட்சியிலிருந்து திரும்பி வரும் நாளில் கட்டாயம் உண்டு. மற்ற நாளில் நினைக்க நேரமில்லை. இப்போது எழுதும் தொடரின் 12-ஆவது அத்தியாயம் மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது. நான் முன்பு சொன்ன வாசகி அதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வழக்கமாக இரண்டு வரியாவது எழுதுவார். இந்த முறை ஏழாவது பத்தியின் ஓரத்தில் “இங்கே” என்று ஒரே ஒரு சொல். அந்தப் பத்தியில் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்து உட்காருகிறார், அவ்வளவுதான். எத்தனை முறை படித்தும் அந்த வாசகி எதைச் சொல்கிறார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.